கெம்புத் தோட்டின் நீரோட்டம்

நம் வயசுக்காரப் பெண்கள் நாலு பேர் ஒரு கல்யாண மண்டபத்தில் சேர்ந்தால் முதலில் அடுத்தவள் காதைத்தான் பார்க்கிறோம். முகம் அப்புறம்தான். மறுக்க வேண்டாம், நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான். யார் காதில் கிடப்பது வைரம், யாருடையது வெறும் கண்ணாடி என்று நாற்காலியை விட்டு எழாமலே சொல்லிவிடுவேன். அதனால் என் மருமகள்களும் அவர்களுடைய சிநேகிதிகளும் நகை வாங்கினால் என்னிடம் கொண்டுவந்து காட்டுகிறார்கள். காட்டட்டும். முத்தை வியர்வையோடு பெட்டியில் போடாதே, துடைத்துவிட்டு வை என்பேன். கல்லைக் கன்னத்தில் வைத்துப் பார், நல்ல கல் சில்லென்று இருக்கும், கண்ணாடி சீக்கிரம் சூடேறிவிடும் என்பேன். பவுடரும் எண்ணெயும் பூசி முடித்த பிறகு நகையில் கை வை என்பேன். ஆனால் யாராவது சிவப்புக் கெம்பை எடுத்து நீட்டினால் நான் கையில் வாங்க மாட்டேன். கல் மேல் குற்றமில்லை. அதைச் சுற்றி நின்ற மனிதர்களை நினைத்து வருகிற வெறுப்பு அது.

எனக்கு அப்போது எட்டு வயசு. மலாயாவில், சுங்காயிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ரப்பர் தோட்டம். அப்பா அங்கே ஆபீஸ் கிராணி. வெள்ளைக்காரத் துரைக்குக் கீழே எழுத்து வேலை, லயத்துக் கூலிச் சனத்துக்கு மேலே ஒரு படி. அந்த ஒரு படி உயரத்தை அப்பா ஒரு நாளும் மறந்ததில்லை. தெரியாது என்ற சொல் அவர் நாக்கில் ஏறவே ஏறாது. துரை பங்களாவுக்குப் பாட்டுப் பெட்டி வந்தபோது, அது எப்படிப் பாடுகிறது என்று, பால்மரம் வெட்டுகிறவர்களை மேற்பார்க்கும் மண்டோர் கேட்டார். உள்ளே குட்டி ஆள் உட்கார்ந்திருக்கிறான் என்று அப்பா சொல்லவில்லை, அவ்வளவுதான். மற்றபடி அதே லட்சணத்தில் அரை மணி நேரம் விளக்கினார். மண்டோரும் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

அந்தக் காலத்துத் தோட்டம் என்றதும் உங்களில் பாதிப் பேருக்குப் பச்சையும் பனியும் ஞாபகம் வருகிறது. எனக்கு வருவது ஒட்டுப்பால் நாற்றம். மரத்திலும் கோப்பையிலும் காய்ந்து ஒட்டிக்கிடக்கும் பாலை உரித்து மூட்டையில் கட்டி வைப்பார்களே, அது புளித்து, அழுகி, செத்த எலியைப் போல நாறும். சேலையில் ஏறினால் மூன்று துவைப்புக்கும் போகாது. சோற்றில்கூட அந்த வாடைதான் அடித்தது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓர் ஓடை ஓடியது. மேலே ரப்பர்ப் பால் ஸ்டோரில் தொட்டி கழுவிய தண்ணீர் முழுக்க அதில்தான் இறங்கும். வெள்ளை வெள்ளையாக நூல் மாதிரி மிதந்து வரும். ஓரத்தில் அட்டை.

அந்த வீட்டில்தான் சின்னம்மாவும் இருந்தாள். அம்மாவின் தங்கை. பதினேழு வயசு. தாய் தகப்பன் இல்லாததால் எங்களோடு வளர்ந்தவள். அப்பாவை மாமா என்பாள். எனக்குத் தலை வாரிப் பேன் பார்ப்பது அவள்தான். பேனை நகத்தில் வைத்துக் குத்தும்போதெல்லாம் ஒரு பெயர் வைத்துக் குத்துவாள். இது பெரிய கங்காணி, டப். இது துரைசாணி, டப். நான் சிரித்துத் தலையை ஆட்டினால் சீப்பால் ஒன்று வைப்பாள்.

அவளுக்கு ஈப்போவிலிருந்து மாப்பிள்ளை வந்தது. அவர்கள் அங்கே துணிக்கடை வைத்திருந்த குடும்பம். மாப்பிள்ளைக்கு ரயில் ஆபீசில் வேலை. பரிசம் போட வந்த அன்று சின்னம்மா காபி கொண்டுவந்தாள். மாப்பிள்ளை அவளை நிமிர்ந்து பார்த்த வேகத்தில் முழங்கை பட்டு வெற்றிலைத் தாம்பாளம் கவிழ்ந்துவிட்டது. எல்லாரும் சிரித்தோம். சின்னம்மாவும் தலையைக் குனிந்துகொண்டே சிரித்தாள். அவளுக்கு அவரைப் பிடித்துப் போயிற்று என்று எனக்கே தெரிந்தது.

மாப்பிள்ளையின் தாயார் மடியிலிருந்து ஒரு சிமிழை எடுத்துத் திறந்தார். ஏழுகல் தோடு ஒரு ஜோடி. நடுவில் ஒரு கெம்பு, சுற்றி ஆறு. பின்பக்கம் முழுக்கத் தங்கத்தால் மூடியிருந்தது. எங்கள் தோட்டத்தில் யார் காதிலும் அதுவரை கல் ஏறியதில்லை. கங்காணி வீட்டில்கூட வெறும் தங்கம்தான். அவரே தம் கையால் சின்னம்மாவின் காதில் திருகினார்.

"இது எங்க மாமியா போட்டது. அப்பறம் நான் போட்டேன். இனிமே இவ போடட்டும். கல்யாணத்தன்னிக்கு இதோட வந்து நின்னா போதும், வேற ஒன்னும் நாங்க கேக்கல. நீரோட்டம் மட்டும் பாத்துக்குங்க. அதுதான் முக்கியம்."

அப்பா கைகூப்பி, "அதெல்லாம் எங்களுக்குச் சொல்லணுமாம்மா, நாங்க பாத்துக்குறோம்லா" என்றார்.

அவர்கள் மாட்டுவண்டி ஏறிப் போனதும் அம்மா மெதுவாகக் கேட்டாள். "என்னாங்க, நீரோட்டம்னா என்னா?"

அப்பா ஒரு நிமிஷம் யோசித்தார். அந்த ஒரு நிமிஷம் எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. தெரியாது என்று சொல்லிவிட்டு நாலு பேரிடம் விசாரித்திருக்கலாம். மானம் கப்பலேறிவிடாது.

"இதுகூடத் தெரியாதா? நீரோட்டம்னா ஓடுற தண்ணி. கல்லு வெட்டி எடுக்குறதே ஆத்துலதான். அதனால தெனமும் ஓடுற தண்ணியில கொஞ்ச நேரம் காட்டணும். கொடத்துத் தண்ணி ஆகாது. இல்லாட்டி கல்லு செத்துப் போகும்."

அவ்வளவு உறுதியாகச் சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்?

பரிசம் போட்ட பெண் வெளியே போகக் கூடாது. அதனால் தினமும் காலையில் தோட்டைக் கழற்றி, மெல்லிய துணியில் முடிந்து, ஓடைக்குக் கொண்டுபோகிற வேலை எனக்கு வந்தது. அம்மா கரையில் நிற்பாள். நான் இறங்கி, முடிச்சைத் தண்ணீரில் பிடித்துக்கொண்டு நூறு எண்ணுவேன். எத்தனை பெருமை எனக்கு! காலில் சேறு வழுவழுக்கும். விரல் இடுக்கில் அட்டை ஏறும். ஸ்டோர் தண்ணீரின் புளிப்பு மூக்கில் ஏறிக் கண் எரியும். கல்லுக்கு உயிர் கொடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு ஒரு நாள் தவறாமல் எண்ணினேன்.

மூன்றாவது வாரம் வலது காதில் ஒரு கல் மங்கியது. காய்ந்த ரத்தம் மாதிரி ஆயிற்று. பிறகு இன்னொன்று. அம்மா பதறிப்போய் அப்பாவிடம் காட்டினாள். அவர் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தண்ணி பத்தல. எரநூறு எண்ணச் சொல்லு" என்றார்.

இருநூறு எண்ணினேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எங்கள் வீட்டில் கூடத்தையும் இடித்துப் பார்த்தார்கள். அம்மா புளி போட்டுத் தேய்த்தாள், சாம்பல் போட்டுத் தேய்த்தாள். மாதம் முடிவதற்குள் ஒன்பது கற்கள் கறுத்துவிட்டன.

இப்போது நான் சொல்லப்போவதை எழுதவே கை கூசுகிறது. கங்காணி மனைவியை அம்மா ரகசியமாக அழைத்துவந்தாள். அந்த அம்மாள் தோட்டைப் பார்த்தாள், சின்னம்மாவைப் பார்த்தாள். "கல்லு பொய் சொல்லாது தங்கச்சி. இவ ஒடம்புலதான் என்னமோ இருக்கு" என்றாள்.

கதவைச் சாத்தினார்கள். நான் உள்ளேதான் இருந்தேன், என்னை யாரும் ஒரு ஆளாக எண்ணவில்லை. சின்னம்மாவின் கையைத் தூக்கச் சொல்லி அக்குளை முகர்ந்து பார்த்தாள் கங்காணி மனைவி. பிறகு அம்மாவும் முகர்ந்தாள். சொந்த அக்கா! நாக்கை நீட்டச் சொன்னார்கள். தலைமயிரைப் பிரித்து முகர்ந்தார்கள். மாதவிலக்குத் துணி எந்த நிறத்தில் இருக்கிறது என்று கேட்டார்கள். சந்தையில் மாடு பிடிப்பவன்கூட இப்படிப் பார்க்கமாட்டான். சின்னம்மா எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னாள், சுவரைப் பார்த்துக்கொண்டு. அன்றிலிருந்து தினமும் வேப்பிலைச் சாறு கொடுத்தார்கள். அவள் குடித்துவிட்டுக் கொல்லையில் கக்கிக்கொண்டிருப்பாள். அதற்குப் பிறகு பேனுக்குப் பெயர் வைப்பதை நிறுத்திவிட்டாள்.

கூரைப்புடவை காட்ட மாப்பிள்ளையின் தாயார் வந்தார். சின்னம்மா முந்தானையால் காதை மூடிக்கொண்டு வந்து நின்றாள். எத்தனை நேரம் மூட முடியும்? அவர் முந்தானையை விலக்கிப் பார்த்தார். தோட்டைக் கழற்றினார், விரல் படாமல் சேலைத் தலைப்பால் பிடித்து. அதை அப்பாவின் முன்னால் பாயில் வைத்துவிட்டுக் கை கழுவத் தண்ணீர் கேட்டார்.

"ரெண்டு பொம்பளைங்க போட்டு ஒன்னும் ஆகாத கல்லு இது. இவ ஒடம்புல ஒரு மாசம் கெடந்ததுக்கே கறுத்துடுச்சி. எம்புள்ள வாழ வேண்டிய வீடுங்க. நீங்க ஒன்னும் நெனச்சுக்காதீங்க. பத்தர்கிட்ட காட்டி, சுத்தம் பண்ணி, கொண்டாந்து குடுத்துடுங்க."

சின்னம்மா நின்ற இடத்திலேயே நின்றாள். அப்பாவின் கண் பாயிலேயே இருந்தது.

அடுத்த வாரம் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு ஈப்போவுக்கு ரயிலேறினார். பாசார் மார்க்கெட்டுக்குப் பக்கத்துச் சந்தில் பத்தர் கடை. கரி, அமிலம், வெற்றிலை எச்சில் எல்லாம் கலந்த வாடை. பத்தர் தோட்டை வாங்கிப் பார்த்தார். பின்பக்கத்து மூடியை ஊசியால் மெல்ல நெம்பினார். உள்ளே இருந்து ஒரு சொட்டுக் கறுப்புத் தண்ணீர் வந்தது. எங்கள் ஓடையின் நாற்றம்! அந்தச் சந்தில், அத்தனை வாடைக்கு நடுவிலும், எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

"என்னா கிராணியாரே, ஆத்துல போட்டீங்களா?" என்றார் பத்தர். "இது பின்னால மூடுன நகைலா. ஒவ்வொரு கல்லுக்கும் அடியில சன்னமா ஒரு தகடு வச்சிருக்கு, செவப்பு பூசி. வெளிச்சம் அதுல பட்டுத் திரும்புறதாலதான் கல்லு எரியுது. ஒரு சொட்டு தண்ணி எறங்கினாலும் தகடு கறுத்துடும். கல்லு என்னா பண்ணும், பாவம்."

"இல்ல... நீரோட்டம் பாத்துக்கச் சொன்னாங்க..." என்று அப்பா முனகினார்.

பத்தர் வெற்றிலை வாயோடு சிரித்ததில் அவர் மடியெல்லாம் தெறித்தது. "நீரோட்டம்னா கல்லுக்குள்ள ஓடுற ஒளிங்க! மாட்டுக்குத் தண்ணி காட்டுற மாதிரி கெம்புக்குத் தண்ணி காட்டுன மொத ஆளு நீங்கதான்!" பக்கத்துப் பட்டறைக்காரரையும் கூப்பிட்டுச் சொன்னார். அவரும் சிரித்தார். அப்பாவின் காது மடல் சிவந்து போயிற்று.

பத்தர் கற்களை ஒரு கிண்ணத்தில் கொட்டினார். வெறும் கல்லாகப் பார்த்தபோது அவை வெளிறிப்போன மாதுளை முத்துகள்தான். சிலவற்றுக்குள் நார் நாராகக் கோடு. கோடு இருந்தால் பயப்படாதே, அது மண்ணிலிருந்து வந்ததற்கு அடையாளம் என்று எனக்குக் காட்டினார். மூன்றைத் தனியே ஒதுக்கினார். அவற்றுக்குள் கோடு இல்லை, ஊசி முனையளவு குமிழி இருந்தது. "இது மூனும் கண்ணாடி பாப்பா" என்றார். ஒரு பெண்ணின் உடம்பைச் சோதித்த பதினாலு கல்லில் மூன்று கண்ணாடி.

புதுத் தகடு வைத்து, அரக்கு வைத்து, மூடினார். சாயங்காலத்துக்குள் பதினாலும் எரிந்தன. கொடுக்கும்போது அப்பாவிடம், "அந்தம்மா எனக்குத் தெரிஞ்சவங்கதான். நானே கூட வாரேன், பொண்ணு மேல தப்பு இல்லன்னு ஒரு வார்த்த சொல்லிடுறேன். நல்ல காரியம் கெட்டுப் போக வேணாம்லா" என்றார்.

"வேணாங்க. நானே சொல்லிக்குறேன்" என்றார் அப்பா.

அவர் சொல்லிவிடுவார் என்றுதான் நானும் நம்பினேன். துணிக்கடைக்கு மேல்மாடியில் அவர்கள் வீடு. படி ஏறும்போது, சின்னம்மாவுக்கு மறுபடி கல்யாணம் வந்துவிட்டது என்று மனசுக்குள் குதித்தேன். மாப்பிள்ளையின் தாயார் சிமிழைத் திறந்து பார்த்தார். "பாத்தீங்களா! அவ காதை விட்டு எறங்கினதும் கல்லு பொழச்சிடுச்சி" என்றார்.

உள்ளறை வாசலில் மாப்பிள்ளை வந்து நின்றார். தாயாரைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்துக் கேட்டார். "பத்தர் என்னா சொன்னாரு மாமா? வேற ஏதாச்சும் காரணமா இருக்குமோ?"

அவர் கேட்ட குரல் என் காதிலேயே இருக்கிறது. ஒரு சொல் போதும் அவருக்கு. தாயாரை எதிர்த்துக்கொண்டு நிற்கக் கைப்பிடியாக ஒரே ஒரு சொல்.

அப்பா சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். "சூடு ஒடம்பு தம்பி. பத்தரும் அதான் சொல்றாரு. சில ஒடம்புக்குக் கல்லு ஆகாதாம்."

தோட்டத்துச் சனத்துக்கு நீரோட்டம் என்றால் என்னவென்று தெரியாது என்று அந்த வீட்டார் சிரிக்கக் கூடாது. அதற்காக ஒரு பெண்ணின் உடம்பைத் தூக்கி அவர்கள் காலடியில் போட்டார். சீ! எழுபது வயசு தாண்டியும் அதை நான் மன்னிக்கவில்லை.

மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். உள்ளே போய்விட்டார்.

கீழே இறங்கியதும் அப்பா என்னை ஒரு சீனன் கடைக்குக் கூட்டிப்போய் ஐஸ் போட்ட சர்பத் வாங்கிக் கொடுத்தார். "வீட்டுல வாயத் தொறக்கக் கூடாது. பெரியவங்க விஷயம்" என்றார். குடித்தேன். குடித்ததெல்லாம் ரயிலில் வாந்தி எடுத்தேன் என்று எழுதினால் உங்களுக்கு என்மேல் கொஞ்சம் மரியாதை வரும். எடுக்கவில்லை. இனித்தது. இன்னொன்று கேட்டேன், அதையும் வாங்கிக் கொடுத்தார்.

வீட்டில் சின்னம்மா வாசலுக்கே வந்துவிட்டாள். "பத்தர் என்னா சொன்னாரு மாமா?"

"நீ கவலப்படாத. ஒனக்கு நான் இருக்கேன்" என்றார் அப்பா.

அவள் அப்படியே அவர் காலில் விழுந்து அழுதாள். அவரும் கையைத் தூக்கி ஆசீர்வாதம் செய்தார். நான் கதவோரம் நின்று பார்த்தேன்.

பிறகு தாப்பா பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஒரு மண்டோருக்கு அவளைக் கட்டிவைத்தார். மனைவியை இழந்தவர், இரண்டு பிள்ளைகள், நாற்பது வயசு. ஆகாத உடம்புக்கும் ஒருத்தனைத் தேடிக் கொடுத்தேன் என்று அப்பா அதைத் தம் பெருந்தன்மைக் கணக்கில் சேர்த்துக்கொண்டார். சின்னம்மாவும் அதை நம்பினாள். ஒவ்வொரு தீபாவளிக்கும் அவருக்கு வேட்டி கொண்டுவந்து காலில் விழுந்தாள். தன் காதில் ஈர்க்குச்சிதான் செருகிக்கொண்டாள். தினம் மூன்று வேளை குளித்தாள், தோல் வெடிக்கிற அளவுக்குத் தேய்த்து. யாராவது நகைப்பெட்டியைத் திறந்தால் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவாள். பெற்ற மகளின் கல்யாணத்தில் மகளுக்குத் தோடு போட்டபோது அடுப்படியில் இருந்தாள். "நான் பாத்தா கல்லுக்கு ஆகாதுடி" என்று என்னிடமே சொன்னாள். நான் ஏதோ சொல்லி மழுப்பினேன்.

கடைசியில் அப்பா தைப்பிங்கில் என் வீட்டில் படுக்கையில் விழுந்தார். அம்மா முன்பே போய்விட்டிருந்தாள். பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்று சின்னம்மா தானாகவே தாப்பாவிலிருந்து பஸ் ஏறி வந்தாள். விடாத மழை. துணி காயாது, வீடெல்லாம் மூத்திர வாடை. அவள் ஒரு முகம் சுளிக்காமல் அவருக்கு எல்லாம் செய்தாள். ஒரு நாள் மத்தியானம் கஞ்சி ஊட்டப் போகும் முன் கையை ஒரு தடவை கழுவினாள், இரண்டாவது தடவை கழுவினாள், மூன்றாவது தடவை சோப்பை எடுத்தாள். "என் கை படுதே, அவருக்கு ஒன்னும் ஆயிடக் கூடாதுல்ல" என்றாள்.

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. அடுப்படியில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஓடை, பத்தர், தகடு, மூன்று கண்ணாடி, பத்தர் கூட வருகிறேன் என்றது, மாப்பிள்ளை வாசலில் வந்து நின்று கேட்டது, அப்பா சொன்ன பதில். அவள் கையிலிருந்த சோப்பைக் கழுவிக்கொண்டே கேட்டாள். மாப்பிள்ளை கேட்டதைச் சொன்னபோது மட்டும், "அவரே கேட்டாரா?" என்றாள். "ஆமா, அவரே கேட்டாரு" என்றேன்.

கஞ்சியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கோப்பை காலியாகும்வரை ஊட்டினாள். அப்பாவின் வாயைத் துடைத்துவிட்டாள். திரும்பி வந்து துணிப்பையில் தன் இரண்டு சேலையையும் மடித்து வைத்தாள்.

"இனிமே நீ ஊட்டிக்க. ஒங்கப்பாதான" என்றாள்.

வாசல் வரைக்கும் போனவள் நின்றாள்.

"அப்ப ஒனக்கு எட்டு வயசு. சின்னப் புள்ள, சொல்ல முடியல, சரி. அதுக்கப்பறம் ஒனக்கு ஒம்பது வயசே ஆகலயாடி?"

எனக்கு அன்றைக்கு நாற்பத்திரண்டு வயது.